உடல்நலப் பக்கம்

கேன் க்ரீக், மிஸ்ஸூரி
6 நவம்பர் 1977

அன்புள்ள வெல்டா அத்தைக்கு,

நானும் அப்பாவும் சுகம். தலைநகரில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் எழுதியிருந்த தும்மல் நின்றதா?

பெரிய செய்தி ஒன்று. இந்த வருஷம் பண்ணைப் பிள்ளைகளின் கிளப்பில் கன்று வளர்ப்புக்கு நானும் சேர்ந்துவிட்டேன். வளர்த்து ஆகஸ்ட் கண்காட்சியில் ஏலம் விட வேண்டும். அப்பா நம் பட்டியிலிருந்தே ஒன்றைக் கொடுத்தார். சிவப்பு உடம்பு, வெள்ளை முகம், காயடித்த கன்று. பேர் பிஸ்கட். பேர் வைக்கக் கூடாதாம், வைத்தால் ஏலத்தன்று அழுவேனாம். வைத்தாகிவிட்டது.

"எடுத்துக்கோ. ஆனா காலைல தீவனம் வைக்க என்னை எழுப்பினேன்னா, ஏலத்துல அதோட சேர்த்து உன்னையும் விட்டுடுவேன்" என்றார் அப்பா. அம்மா இறந்ததிலிருந்து அவர் இவ்வளவு பேசினாலே அதிகம்.

கன்று வளர்ப்பது எனக்கு பயமில்லை. பதிவேடுதான் பயமாக இருக்கிறது. தீவனம், எடை, உடல்நலம், யார் உதவினார்கள் என்று பக்கம் பக்கமாகக் கட்டங்கள். நீங்கள் என் வயதில் பதிவேட்டுக்கு முதல் பரிசு, ஊதா ரிப்பன், வாங்கினீர்கள் என்று கிளப்பில் இன்னும் சொல்கிறார்கள். எனக்கும் அது வேண்டும். கன்றுக்கு ரிப்பன் கிடைத்தால் கன்று அழகு என்பார்கள். பதிவேட்டுக்குக் கிடைத்தால்தான் அது என்னுடையது. எப்படி எழுதுவது என்று சொல்லித்தருவீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் ட்வைலா


ஜெஃபர்சன் சிட்டி
20 நவம்பர் 1977

அன்பு ட்வைலாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். தும்மல் போய்விட்டது, இப்போது முதுகுதான் பிடித்துக்கொள்கிறது. நாள் முழுக்க தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்? எங்கள் கால்நடை அலுவலகத்திலிருந்து போகிற தடை உத்தரவு எல்லாம் என் விரல் பட்டுத்தான் போகிறது. நோய் கண்ட மந்தை என்றால் ஒரு மாடுகூட அந்தப் பண்ணை வாசலைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அடியில் அதிகாரி பெயர், அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் என் பெயரின் முதலெழுத்துகள். மாநிலம் முழுக்க என் எழுத்து போகிறது என்று உன் அப்பாவிடம் சொல். சிரிப்பான், பரவாயில்லை.

பதிவேட்டைப் பற்றிக் கேட்டாய். ஒரே சூத்திரம்தான். நல்லதை மட்டும் எழுதாதே. மற்ற பிள்ளைகள் "கன்று நன்றாக இருக்கிறது" என்று மாதாமாதம் எழுதுவார்கள், நடுவர் கொட்டாவி விடுவார். நீ கன்று நொண்டினால் எழுது. பக்கத்துப் பட்டியில் எது நடந்தாலும் எழுது. என் பதிவேடு கண்காட்சிக் கூடத்தில் மேஜைமேல் நாள் முழுக்க விரித்துக் கிடந்தது. ஊரே வரிசையில் நின்று படித்தது. என் வாழ்க்கையில் அதற்குமேல் ஒரு நல்ல நாள் வரவில்லை.

குளிரில் காதை மூடிக்கொள். அண்ணன் ஆர்வில்லைக் கேட்டதாகச் சொல்.
உன் அத்தை வெல்டா


கேன் க்ரீக்
8 ஜனவரி 1978

அன்புள்ள அத்தைக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். எனக்கு சளி, அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அவருக்கு எப்போது என்ன வந்திருக்கிறது? கல் மாதிரி இருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய பேனாவால்தான் எழுதுகிறேன். பிஸ்கட் கயிற்றுக்குப் பழகிவிட்டது. முதல் வாரம் அது என்னை ஓடை வரைக்கும் இழுத்துப் போய் சேற்றில் போட்டது. அதையும் எழுதினேன். அப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சேத்துல விழுந்ததுக்கெல்லாம் ஒரு கட்டமா? உங்க அத்தை சொல்லிக்கொடுத்ததா?" என்றார். ஆமாம் என்றேன். "அவளுக்கு எதையும் எழுதி வச்சாத்தான் நடந்த மாதிரி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகத்தான்.

நீங்கள் இரண்டு பேரும் ஏன் போனில்கூடப் பேசுவதில்லை? தாத்தாவின் நிலத்தில் பாதி உங்களுக்கு வரவில்லை என்பதாலா? நான் கேட்டேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.
ட்வைலா


கேன் க்ரீக்
12 மார்ச் 1978

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமா? ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நிலத்தைப் பற்றிக் கேட்டது தப்பு என்றால் மறந்துவிடுங்கள்.

இங்கே மனசு சரியில்லை. மாடுகள் கன்று வீசுகின்றன. முதலில் கொம்பில்லாத சிவப்பு மாடு. போன வாரம் இன்னும் இரண்டு. மாதம் நிறையாமல், மயிரில்லாமல், பார்க்கவே முடியவில்லை. கொட்டகையில் அப்பா முழங்கை வரை ரத்தத்தோடு நின்றார். நஞ்சுக்கொடி விழாத மாட்டுக்குக் கையை விட்டுத்தான் எடுத்தார். கையுறை எல்லாம் இல்லை. ஓடைக்கரையில் குழி வெட்டிப் புதைத்து மேலே சுண்ணாம்பு கொட்டினோம்.

"பூசணம் புடிச்ச வைக்கோல்தான். போன வருஷ மழைல கெட்டுப்போச்சு. டெல்பர்ட்கிட்ட வாயத் தொறக்காதே" என்றார் அப்பா. பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டை உங்களுக்குத் தெரியுமே, அவருடைய மாடுகளும் அதே ஓடையில்தான் தண்ணீர் குடிக்கின்றன.

அத்தை, வைக்கோல்தானே காரணம்? நீங்கள் இருக்கும் ஆபீஸில் இதெல்லாம் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

பிஸ்கட் நன்றாக இருக்கிறது. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ட்வைலா


ஜெஃபர்சன் சிட்டி
2 ஏப்ரல் 1978

அன்பு ட்வைலாவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் வேலை அதிகம், அதனால் தாமதம். நான் நலம்.

முதலில் ஒன்று. வீட்டுப் பசுவின் பாலைக் காய்ச்சாமல் இனி நீ குடிக்காதே. பொங்கும் வரை வைத்து இறக்கு. வெண்ணெயும் வேண்டாம், கடையில் வாங்கு. ஏன் என்று கேட்காதே, நகரத்தில் இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கொட்டகையில் இனி எது பிறந்தாலும் நீ தொடாதே. நான் சொன்னேன் என்று உன் அப்பாவிடம் சொல்லவும் வேண்டாம், வீம்புக்கு எதிர்ப்பான்.

அடுத்தது பதிவேடு. கன்று வீசியதை உடல்நலப் பக்கத்தில் எழுதினாயா? பிஸ்கட்டுடைய பட்டிக்குப் பக்கத்துப் பட்டி என்பதால் அது உன் பதிவேட்டில் வரவேண்டிய விஷயம்தான். எத்தனை மாடு, எந்த நாள், எங்கே புதைத்தீர்கள் என்று எல்லாம் இருக்கட்டும். இப்படி ஒரு பக்கத்தை இந்த மாவட்டத்தில் எந்தப் பிள்ளையும் எழுதியிருக்காது.

வசந்தம் வந்துவிட்டது, இங்கே மரமெல்லாம் பூ. நீ இருந்தால் காட்டியிருப்பேன்.
அத்தை வெல்டா


கேன் க்ரீக்
14 மே 1978

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று நினைக்கிறேன்.

பாலைக் காய்ச்சுகிறேன். சமையலறை முழுக்க ஒரு வாடை. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு வாசலில் துப்பினார். "இது என்னடி, கஞ்சித் தண்ணியா? நாலு தலைமுறையா மடிலேர்ந்து நேரா குடிச்சிருக்கோம், யாராச்சும் செத்தானா?" இப்போது அவருக்குப் பச்சைப் பால், எனக்குக் காய்ச்சிய பால். என்னை "பட்டணத்து மகாராணி" என்று கூப்பிடுகிறார்.

கூப்பிட்டாலும் பழைய சத்தம் இல்லை. சாயங்காலம் ஆனால் அவருக்குக் காய்ச்சல் வருகிறது. காலையில் இல்லை. மெத்தை விரிப்பு வியர்வையில் ஊறிப்போகிறது, நான்தான் துவைக்கிறேன். இடுப்பும் முட்டியும் வலிக்கிறதாம். பத்து நாள் நன்றாக இருக்கிறார், சரியாகிவிட்டது என்று நினைத்தால் திரும்ப வருகிறது. டாக்டரிடம் போகலாம் என்றால், "ஃப்ளூவுக்கெல்லாம் டாக்டரா?" என்கிறார். ஃப்ளூ இத்தனை வாரம் இருக்குமா?

அவரை ஒரு தடவை வந்து பாருங்கள் அத்தை. நீங்கள் சொன்னால் திட்டிக்கொண்டேயாவது கேட்பார்.

உடல்நலப் பக்கம் நிறைந்து, தனித்தாள் ஒட்டியிருக்கிறேன்.
ட்வைலா


கேன் க்ரீக்
21 ஜூன் 1978

அன்புள்ள அத்தைக்கு,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, மன்னியுங்கள். உடனே பதில் வேண்டும்.

நேற்று அப்பா பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிட்டார். உடல்நலப் பக்கத்தில் கை நின்றது. அடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு, கண்ணு. அது வைக்கோல் இல்லேன்னு எனக்கும் தெரியும். நோயின்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா நம்ம கேட்ல நோட்டீஸ் அடிச்சிடுவானுங்க. அப்புறம் கசாப்புக்கு லாரிதான். ஒரு மாடு மிஞ்சாது. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"

கிழிக்கிறேன் என்று சொன்னேன். இன்னும் கிழிக்கவில்லை. டெல்பர்ட்டின் மாடுகள் இன்னும் அதே ஓடையில்தான் நிற்கின்றன. அவருக்குச் சொல்லாமல் இருப்பது பாவம் என்று தோன்றுகிறது. சொன்னால் அப்பா என்ன ஆவார்?

எனக்கு வேறு யாரிடமும் கேட்க முடியாது. கிழிக்கவா, விடவா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.
ட்வைலா


ஜெஃபர்சன் சிட்டி
16 ஜூலை 1978

அன்பு ட்வைலாவுக்கு,

நான் நலம். வெயில்தான் தாங்கவில்லை. உன் அப்பாவின் காய்ச்சல் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனால், மாடு வளர்ப்பவன் என்பதை மறக்காமல் சொல்லச் சொல். நான் அங்கே வருவது இப்போது முடியாது, விடுப்புக் கிடைக்காது.

பக்கத்தைக் கிழிக்காதே. பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறது. கிழித்தால் நடுவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், உன் ஒரு வருஷ உழைப்பும் வீண். நடந்ததை எழுதுவதுதான் பதிவேடு. அதனால் ஒரு கெடுதலும் வராது. நடுவர் அதைப் புரட்டிப் பார்த்து மூடிவைப்பார், அவ்வளவுதான். ஒரு சின்னப் பெண்ணின் பதிவேட்டை வேறு யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்?

உன் கையெழுத்து அழகாகிவிட்டது. ஊதா ரிப்பன் உனக்குத்தான் என்று மனசு சொல்கிறது.
அத்தை வெல்டா


கேன் க்ரீக்
20 ஆகஸ்ட் 1978

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகம். அப்பா மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறார்.

கண்காட்சி போன சனிக்கிழமை நடந்தது. நீங்கள் சொன்னபடியே ஊதா ரிப்பன் கிடைத்தது. நடுவர் அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இருபது வருஷத்துல இப்படி ஒரு உடல்நலப் பக்கம் நான் பாத்ததில்லை, மத்த பிள்ளைங்களும் பாத்துக் கத்துக்கட்டும்" என்று சொல்லி, அந்தப் பக்கத்தையே விரித்து மேஜைமேல் வைத்துவிட்டார். ரிப்பனை அதன் ஓரத்தில் குத்தினார். மூடச் சொல்லி நான் கேட்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

மத்தியானம் டெல்பர்ட் வந்தார். என்னை வாழ்த்தத்தான் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, உதடு அசைய அசையப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் ஏலம். உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் கிளப் பிள்ளைகளின் கன்று எவ்வளவு சப்பையாக இருந்தாலும் தீவனக்கடைக்காரராவது கை தூக்குவார். அது மரியாதை. பிஸ்கட்டைச் சுற்றி நடத்தினேன். அதற்கு எந்த நோயும் இல்லை, உடம்பு பளபளவென்று இருந்தது. "யாராச்சும் ஒருத்தர் ஆரம்பிங்கப்பா, அருமையான கன்னு" என்று ஏலக்காரர் கத்தினார். ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி சுற்றினேன். என்ன செய்வது என்று தெரியாமல் இன்னொரு தடவையும் சுற்றினேன்.

அப்பா அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டு நின்றார். வேலியைத் திறந்து உள்ளே வந்து என் கையிலிருந்த கயிற்றை வாங்கினார். "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். வண்டி வரை நடந்தார். அங்கே விழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை கால்நடை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து எல்லா மாடுகளிடமும் ரத்தம் எடுத்துப் போனார்கள். வாருங்கள் அத்தை.
ட்வைலா


ஜெஃபர்சன் சிட்டி
17 செப்டம்பர் 1978

அன்பு ட்வைலாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பதே எனக்கு ஆறுதல். ஆர்வில்லுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று மருத்துவமனையில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இன்னும் தள்ளிப் போயிருந்தால் இதயத்தில் போய் உட்கார்ந்திருக்கும் என்றார்கள். யோசித்துப் பார். அந்தப் பக்கம் இல்லாமல் இருந்தால் இது மாட்டிலிருந்து தொற்றிய கன்றுவீச்சு நோய் என்று டாக்டருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? டெல்பர்ட்டின் மந்தையும் பரிசோதனையில் தப்பியது. நீ உண்மையை எழுதினாய், அதற்காக ஒருநாளும் தலைகுனிய வேண்டாம்.

நான் போன் செய்திருக்கலாமே என்று நீ நினைக்கலாம். உங்கள் லைன் ஏழெட்டு வீட்டுக்குப் பொது, எல்லோரும் காது வைத்திருப்பார்கள், என்ன பேசுவது?

ரிப்பனைப் பத்திரமாக வை. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? கேக் செய்து எடுத்து வருகிறேன்.
அத்தை வெல்டா


கேன் க்ரீக்
22 அக்டோபர் 1978

அத்தைக்கு,

நீங்கள் நலமா என்று கேட்க வேண்டியது வழக்கம். கேட்டுவிட்டேன்.

தடை உத்தரவு எங்கள் வாசலில் ஒட்டியிருக்கிறது. தினம் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கும்போது படிக்கிறேன். அடியில் சின்ன எழுத்தில் உங்கள் முதலெழுத்துகள் இருக்கின்றன. அப்பாவின் பெயரை ஒரு பிழை இல்லாமல் தட்டச்சு செய்திருக்கிறீர்கள்.

நோய் கண்ட மாடுகளுக்கு இடது கன்னத்தில் சூடு போட்டு எழுத்துப் பொறித்தார்கள். அப்பா மருத்துவமனையிலிருந்து வந்து மூன்றாம் நாள். வேறு யாரும் பிடித்தால் மிரளும் என்று, ஒவ்வொரு மாட்டின் தலையையும் அவரே கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுப் பசுவுக்கும் பொறித்தார்கள். பிறகு லாரி வந்தது. நோயில்லாததையும் சேர்த்து மொத்தமாக ஏற்றினார்கள். பிஸ்கட் நான் கூப்பிட்டதும் தானாகவே ஏறியது. கயிற்றுக்கு அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன்.

அப்பா இப்போது மரமறுக்கும் ஆலையில் காவல்காரராக இருக்கிறார். முட்டி மடங்குவதில்லை. போன ஞாயிறு என் பதிவேட்டை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "கையெழுத்து அப்படியே உங்க அத்தை மாதிரி இருக்கு" என்று சொல்லி மூடிவைத்தார். அதற்குப் பிறகு என்னை எந்தப் பேராலும் கூப்பிடுவதில்லை.

டெல்பர்ட்டுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. அதை நானே அவர் வீட்டுக்குப் போய் அழுதுகொண்டாவது சொல்லியிருப்பேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்று எழுதினீர்கள். உங்கள் பதிவேட்டை ஊரே வரிசையில் நின்று படித்தது என்று எழுதியதும் நீங்கள்தான். இரண்டு கடிதமும் என்னிடம் இருக்கின்றன. உங்களுக்கு அண்ணனைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லை, சும்மா இருக்கவும் பயம். அதனால் என் கையில் பேனாவைக் கொடுத்தீர்கள்.

எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. காய்ச்சிய பால் குடித்தாயா என்று டாக்டர் கேட்டார், ஏப்ரலிலிருந்து என்றேன். "புத்திசாலிப் பொண்ணு" என்றார். அப்பாவுக்கு நோய் கையால் எடுத்ததில் வந்ததா, பாலில் வந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கும் தெரியாது. ஏன் என்று ஒரே ஒரு வரி நீங்கள் எழுதியிருந்தால், அப்பா அன்றைக்கு வாசலில் துப்பியிருக்க மாட்டார் என்பது மட்டும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம்.

பதிவேட்டையும் ரிப்பனையும் இதோடு அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் "உனக்கு உதவியவர் யார், என்ன உதவி?" என்று ஒரு கட்டம் இருக்கும். கண்காட்சிக்குக் கொடுத்தபோது அதைக் காலியாக விட்டிருந்தேன், உங்களைப் பற்றி எழுத இடம் போதாது என்று நினைத்து. இப்போது எழுதிவிட்டேன். ஒரு வரியிலேயே அடங்கிவிட்டது. "வெல்டா அத்தை. ஏப்ரல் மாதம், பாலைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்."

நாங்கள் சுகம். இப்போது பால் காய்ச்சும் வேலை இல்லை. கடைப் பால்தான் வாங்குகிறோம்.

ட்வைலா